பதினேழாம் எண்ணுக்குப் பத்து மதிப்பெண்

அவரை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பின்னால் எங்காவது அவரைப் பற்றி நல்லதாக ஒரு வரி வந்தால், அது தயவு தாட்சண்யத்தில் வந்ததல்ல என்று படிப்பவருக்குத் தெரிய வேண்டும்.

வகுப்பில் எல்லாரும் அவரை ஊசி என்றார்கள். முகத்துக்கு நேரே ஊசியக்கா, முதுகுக்குப் பின்னால் வெறும் ஊசி. பெரிய மருத்துவமனை ஒன்றின் துணியறையில் இருபத்து இரண்டு ஆண்டுகளாகக் கிழிந்த படுக்கை விரிப்புகளைத் தைத்து வந்தவர். வயது ஐம்பத்து மூன்று. மூக்குக்கண்ணாடியின் ஒரு காம்பு உடைந்த இடத்தில் வெள்ளை நூல் சுற்றியிருப்பார். அந்தச் சுற்று, உடையாத காம்பைவிட ஒழுங்காக இருக்கும்.

வேலையில் இருப்பவர்களுக்காக ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நடக்கும் பயிற்சி நிலையத்தில் பதிவேடுகள் என் பொறுப்பு. மேற்பார்வையாளர் சான்றிதழுக்குப் பதினொரு ஞாயிறுகள் வர வேண்டும். கடைசி ஞாயிறன்று மேடையேறி எட்டு நிமிடம் பேச வேண்டும். பேசாதவருக்குச் சான்றிதழ் கிடையாது.

ஊசிக்கு அந்தச் சான்றிதழ் ஏன் வேண்டும் என்பது வகுப்புக்கே தெரியும். துணியறையின் தலைமைப் பொறுப்பாளர் ஓய்வு பெறப் போகிறார். சான்றிதழ் வைத்திருப்பவருக்குத்தான் அந்த நாற்காலி என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. போட்டியில் இருவர்தான். ஒருவர் ஊசி. இன்னொருவர் அதே துணியறையில் பதினாறு ஆண்டுகளாக இருப்பவர், அவரும் எங்கள் வகுப்பில்தான் சேர்ந்திருந்தார். இருவரும் சான்றிதழ் வாங்கினால் பணிமூப்பின்படி ஊசிக்கே இடம். ஊசி வாங்காவிட்டால் மற்றவருக்கு.

அந்த மற்றவர் ஊசியின் ஓரகத்தி. அண்ணன் மனைவி கீழ்வீட்டில், தம்பி மனைவி மாடியில். இது எனக்கு அப்போது தெரியாது. தெரியாமல் போனதற்குக் காரணம் என் கவனக்குறைவு அல்ல. சேர்க்கைப் படிவத்தின் ஒன்பதாம் பத்தி, ‘இதே வகுப்பில் உறவினர் எவரேனும் உள்ளனரா?’ என்று கேட்கிறது. இருவரும் ‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். இரண்டு படிவங்களும் இன்றும் கோப்பில் இருக்கின்றன.

ஒன்பதாம் பத்தி எதற்கு என்றால், எங்கள் நிலையத்தில் ஒரு வழக்கம் உண்டு. மேடையேறுவதற்கு முன் ஒவ்வொருவரும் தம் பேச்சுக் குறிப்பை ஒரே தாளில் எழுதித் தர வேண்டும். தலைப்பு, தொடக்கம், மூன்று கருத்துகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சான்று, முடிவு. அதைச் சக மாணவர் மூவர் படித்துக் கருத்துச் சீட்டு எழுதுவார்கள். நல்லது என்ன, குறை என்ன, கேட்பவராக இருந்தால் என்ன கேள்வி கேட்பீர்கள், பத்துக்கு எத்தனை. மூன்று சீட்டும் சேர்ந்து முப்பதுக்குப் பதினைந்து வந்தால்தான் மேடை. பதினான்கு என்றால் அடுத்த ஆண்டு. உறவினர் தாளை உறவினர் படிக்கக் கூடாது.

முதல் மூன்று சுற்றுகள் பழகுவதற்காக, பெயரோடு நடக்கும். அந்த மூன்று சுற்றுகளில்தான் ஊசி இருபத்து மூன்று பேரின் பகையையும் சம்பாதித்தார்.

பேச்சு ஆசிரியை முதல் நாளே சொல்லியிருந்தார்: “முதல்ல நல்லதச் சொல்லுங்க. அப்புறம் குறையச் சொல்லுங்க. யார் மனசும் நோகக் கூடாது.” ஊசி அதை அட்சரம் பிசகாமல் பின்பற்றினார். பேருந்து நடத்துநர் ஒருவர் ‘நேரத்தின் அருமை’ என்று குறிப்பு எழுதியிருந்தார். ஊசியின் சீட்டில் நல்லது என்ற இடத்தில், ‘தாள் சுத்தமாக இருக்கிறது’ என்று இருந்தது. குறை என்ற இடத்தில்: ‘எட்டு நிமிடப் பேச்சில் முன்னுரை ஐந்து நிமிடம். வண்டி கிளம்புவதற்குள் இறங்குகிற இடம் வந்துவிடும்.’

நடத்துநர் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து ஊசி உட்காரும் வரிசையில் அவர் உட்காரவில்லை.

கண்ணாடிக் கடையில் வேலை செய்யும் பெண்ணின் குறிப்புக்கு: ‘மூன்று இடத்தில் “பலர் சொல்கிறார்கள்” என்று வருகிறது. அவர்களில் ஒருவரையாவது கூட்டி வரவும்.’ அந்தப் பெண் குழாயடியில் நின்று முகம் கழுவிக்கொண்டு வந்தது.

பூட்டுக் கடைக்காரருக்குக் கிடைத்ததுதான் உச்சம். ‘நல்ல பூட்டு வாங்குவது எப்படி’ என்று எழுதியிருந்தார். ஊசி எழுதியது: ‘முதல் கருத்தும் மூன்றாம் கருத்தும் ஒரே ஆள்தான். சட்டையை மாற்றிக்கொண்டு மறுபடி வந்திருக்கிறார்.’

பூட்டுக் கடைக்காரர் எழுந்துவிட்டார். “ஏம்மா, நீங்க பெரிய மேதாவியா? கிழிஞ்ச துணி தைக்கிறவங்கதானே?”

“ஆமாங்க. கிழிசல் எங்க இருக்குனு பாக்கறதுதான் என் வேலை. அத நீங்க மடிச்சு உள்ள வெச்சுக் கொண்டு வந்தா, நான் பிரிச்சுத்தான் பாக்கணும்.”

“நல்லதா ஒரு வார்த்தை எழுதினா கை தேஞ்சு போயிடுமா?”

“எழுதியிருக்கேனே. தாள் சுத்தமா இருக்குனு.”

வகுப்பு சிரித்தது. சிரிப்பு பூட்டுக் கடைக்காரரைப் பார்த்து. அவர் மறக்கவில்லை.

என்னையும் விடவில்லை. வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வந்தவர், “நாலாவது ஞாயிறு தேதி தப்பா இருக்குங்க. ஒரு நாள் முன்ன போட்டிருக்கீங்க” என்றார். முப்பத்தொரு ஆண்டுகளில் எவரும் என் பதிவேட்டில் பிழை காட்டியதில்லை. பார்த்தேன். பிழைதான். சிவப்பு மையால் திருத்திச் சுருக்கொப்பம் இட்டேன். அவருக்கு நன்றி சொல்லவில்லை.

எட்டாம் ஞாயிறு தேநீர் இடைவேளையில் நடத்துநர், கண்ணாடிக் கடைப் பெண், பூட்டுக் கடைக்காரர், இன்னும் நாலைந்து பேர் மாடிப்படியடியில் கூடி நின்றார்கள். இறுதிச் சுற்றில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான் என்று யாரோ சொன்னார்கள்.

“எண் இருந்தா என்ன? துணி, நூல், தையல்னு எந்தத் தாள் வருதோ அதுதான் அது” என்றார் நடத்துநர். “கெடைக்கிறவங்க நாலுக்கு மேல போடக் கூடாது. அவ்வளவுதான்.”

“அந்தம்மாவே நமக்கு அஞ்சுக்கு மேல போட்டதில்ல” என்றது கண்ணாடிக் கடைப் பெண்.

மாடி ஓரகத்தி சற்றுத் தள்ளி நின்று தேநீரை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். வாயே திறக்கவில்லை. வகுப்பிலேயே இனிமையாகப் பேசுகிறவர் அவர்தான். எல்லாருக்கும் எட்டு, ஒன்பது என்று வாரி வழங்கியவர்.

ஊசி துணியைவிட்டு வேறு தலைப்பில் எழுதியிருந்தால் தப்பித்திருப்பார். எழுதவில்லை. ‘கிழிந்த விரிப்பை எப்போது தைக்கலாம், எப்போது கழிக்க வேண்டும்’ என்பது அவர் தலைப்பு. எண் பதினேழு.

தாள்களைப் பிரித்துக் கொடுக்கும் முறை எளியது. ஒவ்வொரு தாளும் போகும் மூவரில் ஒருவர் சரியாகப் பன்னிரண்டு எண் தள்ளி இருப்பவர். வகுப்பில் இருபத்து நான்கு பேர். ஆகவே ஐந்தாம் எண்ணும் பதினேழாம் எண்ணும் ஒருவர் தாளை ஒருவர் படிப்பார்கள். ஐந்தாம் எண், மாடி ஓரகத்தி. ஒன்பதாம் பத்தியில் உண்மையை எழுதியிருந்தால் நான் அடுத்த எண்ணுக்கு மாற்றியிருப்பேன்.

பத்தாம் ஞாயிறன்று சீட்டுகளைக் கூட்டிப் பதிந்து, அவரவரிடம் திருப்பிக் கொடுத்தேன். சீட்டில் எழுதியவர் யார் என்ற குறிப்பு இருக்காது. பதினேழாம் எண்ணுக்கு நடத்துநர் மூன்று போட்டிருந்தார். கண்ணாடிக் கடைப் பெண் நான்கு. மூன்றாவது சீட்டில் உருண்டையான, அழகான எழுத்தில் இப்படி இருந்தது: ‘மிக அருமை. குறை எதுவும் இல்லை. கேள்வி எதுவும் இல்லை. 10.’

மொத்தம் பதினேழு. ஊசி மேடையேறலாம். நாற்காலி அவருக்குத்தான்.

அவர் சீட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார். எழுத்து யாருடையது என்று உடனே தெரிந்துவிட்டது. பிறகு அவரே சொன்ன விவரம் இது. அந்த வீட்டில் இரண்டு குடும்பத்துக்கும் ஒரே தண்ணீர்த் தொட்டி. வால்வை யார் மூடுவது என்பதில் தொடங்கிய சண்டையால் ஒன்பது ஆண்டுகளாகப் பேச்சுவார்த்தை கிடையாது. ஆனால் வால்வை யாராவது மூடித்தானே ஆக வேண்டும்? அதனால் குழாயில் சீட்டு ஒட்டுவார்கள். ‘ஆறு மணிக்கு மூடவும்.’ ‘மூடியாயிற்று. நீங்கள்தான் திறந்தீர்கள்.’ ஒன்பது ஆண்டுகளில் ஒருவர் எழுத்து மற்றவருக்குத் தம் எழுத்தைவிடப் பழக்கம்.

தாழ்வாரத்தில், என் மேசைக்கு ஏழெட்டு அடி தள்ளி, மாடி ஓரகத்தி அவரை நிறுத்தினார். ஒன்பது ஆண்டுக்குப் பிறகு வாய்விட்டுப் பேசிய முதல் வார்த்தை:

“பத்து போட்டது யாருனு தெரியுதாக்கா?”

ஊசி சீட்டை இரண்டாக மடித்தார்.

“இந்தக் கூட்டத்துல வேற யாரு உங்களுக்குப் போடுவா? ஊரே சேந்து குழி வெட்டுது. நான்தான் கை குடுத்தேன். நாளைக்கு அந்த நாற்காலியில உக்காரும்போது ஞாபகம் வெச்சுக்கங்க. தெனமும் உக்காருவீங்கல்ல, தெனமும் ஞாபகம் வரட்டும். எங்க வீட்டுக்காரர் கிட்டயும் சொல்லிட்டேன், மாமா கிட்டயும் சொல்லிட்டேன். உங்க அக்காவ நான்தான் மேடை ஏத்தினேன்னு உங்க தங்கச்சிக்கும் போன் போட்டுச் சொல்லிட்டேன்.”

குரலில் சர்க்கரைப் பாகு. தான் வெறுக்கும் ஒருவருக்கு வேண்டுமென்றே பத்து மதிப்பெண் கொடுத்த ஒரே ஆளை நான் அன்றுதான் பார்த்தேன். இரண்டு கொடுத்திருந்தால் அந்தக் காயம் ஒரு வருடத்தில் ஆறிவிடும். பத்தின் கடன் ஆயுளுக்கும் வரும்.

ஊசி நேராக என் மேசைக்கு வந்தார்.

“என் படிவத்துல ஒரு திருத்தம் பண்ணணுங்க. ஒன்பதாம் பத்தி.”

படிவத்தை எடுத்தேன். ‘இல்லை’ என்பதை அடித்து, ‘ஓரகத்தி, எண் 5’ என்று எழுதினார்.

“இத எழுதினா அந்தச் சீட்டு செல்லாது. தெரியுமில்ல?”

“தெரியும்.”

“பத்து போனா ஏழுதான் மிச்சம். புதுசா படிக்கிறவர் எட்டு போட்டாகணும்.”

“கூட்டல் எனக்கும் வரும்ங்க.”

“பேசாம போங்கம்மா. நான் எதையும் பாக்கல.” இதை நான் சொன்னேன். சொன்னதை மறைக்கவில்லை.

அவர் சீட்டை மேசைமேல் வைத்தார். “என் தாள்ல குறை இருக்கு. எனக்கே நாலு தெரியும். குறை எதுவும் இல்லைன்னு எழுதினவ தாளைப் பிரிச்சே பாக்கல. படிக்காம போட்ட பத்தை வெச்சு நான் மேல ஏறணுமா? அதுவும் அவ தோள் மேல காலை வெச்சு?”

பேச்சு ஆசிரியையை அழைத்தேன். அவருக்குக் கோபம். இருவரையும் நிற்க வைத்துக் கேட்டார்: “ரெண்டு பேரும் பொய் எழுதிக் குடுத்திருக்கீங்களே, வெக்கமா இல்ல?”

“பொய் இல்லை மேடம்” என்றார் ஊசி. “எழுதின அன்னைக்கு உறவு இல்லை. பத்து போட்டதுல இருந்துதான் உறவாயிட்டா.”

“நல்லதுக்கே காலமில்ல மேடம்” என்று மாடி ஓரகத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டார். கண்ணில் ஈரம் எதுவும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

விதி தெளிவாக இருந்தது. இருவரும் ஒருவருக்கொருவர் எழுதிய சீட்டுகள் செல்லாது. அடுத்த எண்ணுக்காரர் புதிதாகப் படிக்க வேண்டும். மாடி ஓரகத்திக்கு மற்ற இருவர் ஒன்பது ஒன்பது போட்டிருந்ததால் அவருக்கு நஷ்டம் எதுவும் இல்லை. ஊசியின் தாளுக்கு, ஐந்துக்கு அடுத்த எண் ஆறு. ஆறாம் எண், பூட்டுக் கடைக்காரர்.

அவரை என் மேசைக்கு எதிரே உட்கார வைத்துத் தாளைக் கொடுத்தேன். கதவருகே நடத்துநர் எட்டிப் பார்த்தார். “ரெண்டு போட்டு விடுய்யா, சாப்பிடப் போகலாம்.”

“போ போ, வர்றேன்.”

பூட்டுக் கடைக்காரர் தாளை ஒரு முறை படித்தார். பேனாவைத் திறந்தார். மூடினார். மறுபடி படித்தார். அப்புறம் தன் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு மூன்றாம் முறை படித்தார். ஒரு கட்டத்தில், “அட, கிழிசல் எவ்வளவு நீளம்ங்கிறது முக்கியமில்லையாம், எங்க இருக்குங்கிறதுதானாம்” என்று தனக்குத்தானே சொன்னார். நாற்பது நிமிடம் ஆயிற்று. நடுவில் என்னைக் கேட்டார்.

“எவ்வளவு வேணும் அந்தம்மாவுக்கு?”

“சொல்லக் கூடாது.”

“சும்மா ஜாடையா?”

“கூடாதுங்க.”

எட்டு வேண்டும் என்று எனக்குத் தெரியும். சொல்லக் கூடாது என்பது விதி. ஜாடைக்கும் அதே விதிதான்.

அவர் எழுதிய சீட்டின் நகல் இது:

‘நல்லது: தாள் சுத்தமாக இருக்கிறது. இரண்டாம் கருத்து எனக்குப் புதிது. குறை: மூன்றாம் கருத்துக்குச் சான்று இல்லை. கழித்த விரிப்பு எங்கே போகிறது என்று சொல்லாமல் விட்டது தவறு. கேள்வி: கேட்கிறவன் மருத்துவமனையில் வேலை செய்யவில்லை. அவன் வீட்டுக்குப் போய் என்ன செய்ய வேண்டும்? 7.’

மூன்றும் நான்கும் ஏழும் பதினான்கு.

சீட்டை ஊசியிடம் கொடுத்தேன். நூல் சுற்றிய கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். முதல் வரியில் உதடு லேசாகக் கோணிற்று. கடைசி வரைக்கும் போய் மறுபடி மேலே வந்தார்.

பூட்டுக் கடைக்காரர் என் பின்னால் நின்றிருந்தார். பதினான்கு என்று நான் பதிவதைப் பார்த்துவிட்டார். “ஒண்ணுதானா குறைஞ்சுது?” என்றார். “எனக்குத் தெரியாதும்மா. சத்தியமா தெரியாது.”

“தெரிஞ்சிருந்தா?”

அவர் யோசித்தார். “தெரிஞ்சிருந்தா மூணு போட்டிருப்பேன். ஒண்ணுல போறதுக்கு அஞ்சுல போறது மேல்.”

“ஏழு சரிதான்” என்றார் ஊசி. “நானா இருந்தா ஆறு.”

“திமிரு அடங்குதா பாருங்க சார்!” என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் பூட்டுக் கடைக்காரர் போய்விட்டார்.

கடைசி ஞாயிறன்று ஊசி வந்தார். வர வேண்டிய அவசியம் இல்லை. மூன்றாம் வரிசையில், கையில் பென்சிலோடு உட்கார்ந்தார். மாடி ஓரகத்தியின் தலைப்பு ‘குடும்பத்தில் அமைதி காப்பது எப்படி’. தலைப்பைச் சொன்னதும் ஊசி இருமினார். இருமல்தானா என்பது பற்றி என்னிடம் பதிவு இல்லை.

பேச்சு நன்றாக இருந்தது. நான் அந்தக் குறிப்பை முன்பே பார்த்திருக்கிறேன். இழுத்து இழுத்து எழுதியிருந்த தொடக்கம் இப்போது இரண்டு வாக்கியத்தில் முடிந்தது. நான்கு பழமொழிகள் இருந்த இடத்தில் ஒன்று. பொத்தாம் பொதுவாக இருந்த சான்றுக்குப் பதில், ஒரு நாள் காலை நடந்த ஒரு சம்பவம். கோப்பிலிருந்து ஊசியின் செல்லாத சீட்டின் நகலை எடுத்து ஒப்பிட்டேன். ஐந்து குறை எழுதி ஐந்து மதிப்பெண் போட்டிருந்தார். ஐந்தையும் மாடி ஓரகத்தி திருத்தியிருந்தார். ஒன்று தீரும்போதெல்லாம் மூன்றாம் வரிசையில் பென்சில் ஒரு கோடு இழுத்தது.

கைதட்டல் பெரிதாக இருந்தது. சான்றிதழ் கிடைத்தது. மாதக் கடைசியில் நாற்காலியும் கிடைத்தது.

இப்போது தினமும் காலை ஊசி, தைத்த விரிப்புகளின் எண்ணிக்கைச் சீட்டை ஓரகத்தியின் மேசையில் கொண்டுபோய் வைத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். இருவரும் பேசுவதில்லை. சீட்டில் ஓரகத்தி ஏதாவது எழுதினால், ஊசி அதிலேயே திருத்தம் எழுதித் திருப்பி வைக்கிறாராம். வீட்டு வால்வில் ஒட்டும் சீட்டுகளும் நிற்கவில்லை.

அடுத்த ஆண்டுச் சேர்க்கை தொடங்கிய முதல் நாள், அலுவலகம் திறப்பதற்கு முன்பே வாசலில் நின்றிருந்தார்.

“படிவம் குடுங்க.”

“அந்த இடம்தான் போயிடுச்சே. இனி எதுக்கும்மா?”

“பூட்டுக் கடைக்காரர் மூணு கேட்டிருந்தாருல்ல, மூணுக்கும் பதில் வெச்சிருக்கேன். வாய்க்குள்ளயே வெச்சுக்கிட்டு நான் எங்க போறது?”

படிவத்தைக் கொடுத்துவிட்டு, வெகு நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன். “அவங்க பேச்சுல அஞ்சு குறையும் தீந்துதே. உங்களுக்கு வருத்தம் இல்லையா?”

“ஆறு இருந்துச்சு” என்றார், எழுதிக்கொண்டே. “குடும்பம் குடும்பம்னு எட்டு நிமிஷமும் பேசினா. வீட்டுல எத்தனை பேர்னு சொன்னாளா? அவங்க மூணு பேரு மட்டும்தான் அந்தப் பேச்சுல. கீழ இருக்கிற நாங்க ரெண்டு பேரும் தூசு. அத மட்டும் நான் எழுதிக் குடுக்கல.”

“ஏன்?”

“எழுதியிருந்தா சேத்துக்கிட்டிருப்பா. மேடையில நின்னு என்னையும் ஒரு வரி பாராட்டியிருப்பா. யாருங்க அத உக்காந்து கேக்கறது?”

படிவத்தை என்னிடம் தள்ளினார். ஒன்பதாம் பத்தியில் ‘வகுப்பில் இல்லை. வேலையிடத்தில் ஒருவர்’ என்று எழுதியிருந்தது.

“கேக்காதத எழுதக் கூடாதும்மா.”

“போன வருஷம் கேட்டத எழுதலைனு மேடம் திட்டினாங்க. இந்த வருஷம் கேக்காதத எழுதினதுக்கு நீங்களா?”

படிவத்தை வாங்கித் தேதி முத்திரை குத்தினேன். அந்த ஆண்டின் முதல் படிவம் அதுதான். எண் ஒன்று கொடுத்தேன். அவர் முத்திரையைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் கொண்டுபோய், தேதி சரியா என்று பார்த்துவிட்டுத்தான் போனார்.